சிறிய இரைப்பையும் பழைய இனிப்பு ஆசையும்



உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் சபைகளிலும் ஆங்காங்கே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இது பெருநகரத்துச் செல்வந்தர்களின் காரியம் என்று நினைத்தோம். இப்போது பள்ளிக்கூட ஆசிரியை, வங்கி ஊழியர், கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என்று பலரும் செய்துகொள்கிறார்கள். நீரிழிவும் மூட்டு வலியும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் சேர்ந்து வாட்டியபின், வேறு வழியில்லாமல் வருகிறவர்களே அதிகம்.

ஆஸ்பத்திரியில் படுக்கை படுக்கையாகச் சென்று ஜெபிக்கிற எங்களிடம், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள் வந்து சேரும். "ஐயா, இனிமேல் ஆயுசுக்கும் இனிப்பே தொடக்கூடாதா?" என்பது ஒன்று. "ஆபரேஷன் பண்ணியும் அல்வாவைப் பார்த்தா நாக்கு ஊறுதே, இது பாவமா ஐயா?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார்கள்.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. அறுவை மருத்துவர்களும் உணவு ஆலோசகர்களும் நோயாளிகளுக்குச் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டு வந்தவர்கள். அதை நம் வாசகர்களுக்கு எளிய முறையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பலகாரத் தட்டை நீட்டுகிற கைகள் நம்முடைய கைகளே ஆனபடியால், இது நோயாளிகள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

இரண்டு வகை அறுவைகள் பெரும்பாலும் செய்யப்படுகின்றன. முதலாவது 'ஸ்லீவ்' எனப்படுவது. இதில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கையோ அதற்குச் சற்று அதிகமாகவோ நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குறுகிய குழாய். இரண்டாவது 'இரைப்பை பைபாஸ்'. இருதயத்துக்குச் செய்யும் பைபாஸுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டும் கொள்ளும் சிறு பை ஒன்றை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமல் இறங்கிவிடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-இல் இந்த பைபாஸ் முறையைத் தொடங்கினார். அதன்பின் அது பலவாறு திருத்தப்பட்டு, இன்று சிறு துளைகள் வழியாகவே செய்யப்படுகிறது.

அறுவையின் பலன் இரைப்பை சிறுத்துப்போவதால் மட்டும் வருவதில்லை. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் முக்கியமாக இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதியே நீக்கப்படுவதால் கிரெலின் வெகுவாகக் குறைகிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு, போதும் என்ற நிறைவைக் கொடுக்கும் குடல் ஹார்மோன்கள் சாப்பாட்டுக்குப் பின் அதிகமாகச் சுரக்கின்றன. ஆகவே இதைச் செய்துகொண்டவர்கள் முதல் மாதங்களில், "பசி என்பதே மறந்துபோச்சு" என்று சொல்வதை நாம் கேட்கலாம்.

ஆசை போகிறது, பிறகு திரும்புகிறது

முதல் சில மாதங்களில் பலருக்கு இனிப்பே பிடிப்பதில்லை. முன்பு விரும்பிச் சாப்பிட்ட லட்டு திகட்டுகிறது. காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரையும் அதிகமாகத் தெரிகிறது. இதைக் கண்டு வீட்டார் சந்தோஷப்படுவார்கள். "ஆண்டவர் ஆசையையே எடுத்துவிட்டார்" என்று சாட்சி சொன்னவர்களும் உண்டு. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சுவை மாற்றம் பலரிடம் நிலைத்து நிற்பதில்லை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழியும்போது, உணவின் அளவு சற்றுக் கூடுகிறது. பசி மெல்ல எட்டிப் பார்க்கிறது. கூடவே இனிப்பு ஆசையும் வருகிறது.

இது அறுவை தோற்றுப்போனதன் அடையாளம் அல்ல. சுவீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, இத்தகைய அறுவை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாத பருமனானவர்களையும் நீண்ட காலம் தொடர்ந்து கவனித்தது. 2007-இல் வெளிவந்த அதன் அறிக்கைப்படி, பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவிகித எடையை இழந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்த இழப்பு 25 சதவிகிதமாக நின்றது. அதாவது 100 கிலோ இருந்தவர் 68 கிலோவுக்கு இறங்கி, பின்னர் 75 கிலோவில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் எடை திரும்புவது பொதுவாகவே நடக்கிறது. அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன என்பதையும் அதே அறிக்கை காட்டியது.

ஆனால் திரும்பும் எடை ஏழு கிலோவோடு நிற்குமா, இருபது கிலோவாக ஆகுமா என்பதில் அன்றாட உணவுப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் இனிப்புக்குத் தனி இடம் இருக்கிறது. காரணம் என்னவென்றால், சிறிய இரைப்பை கெட்டியான உணவையே தடுத்து நிறுத்தும். இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டால் வயிறு "போதும்" என்று சொல்லிவிடும். ஐஸ்கிரீம், மில்க் ஷேக், பாயசம், சாக்லேட் போன்றவை உருகி இறங்கிவிடுவதால் வயிறு அவ்வாறு சொல்வதில்லை. ஒரு கறித்துண்டைச் சாப்பிட முடியாமல் தவிக்கிறவர், அரை லிட்டர் ஐஸ்கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு முடித்துவிட முடியும்.

இனிப்புச் சாப்பிட்டதும் படபடப்பு ஏன்?

பைபாஸ் செய்தவர்களில் பலரும், ஸ்லீவ் செய்தவர்களில் சிலரும் அனுபவிக்கிற ஒரு தொல்லைக்கு டாக்டர்கள் 'டம்பிங்' என்று பெயர் சொல்லுகிறார்கள். இது இரண்டு விதமாக வரும்.

முதல் விதம், சாப்பிட்ட பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வருவது. இரைப்பையில் தங்கி மெதுவாக இறங்க வேண்டிய சர்க்கரை, ஒரேயடியாகச் சிறுகுடலுக்குள் கொட்டப்படுகிறது. செறிந்த சர்க்கரை உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. உடனே வயிறு முறுக்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றோட்டமும் ஆகலாம். மாரடைப்பு என்று பயந்து ஆட்டோ பிடித்து வருகிறவர்களும் உண்டு. டம்பிங் என்றால் சாய்ந்து படுத்திருந்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும். ஆனால் நெஞ்சு வலி இருந்தால் "டம்பிங்தான்" என்று வீட்டில் தீர்மானிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

இரண்டாவது விதம், சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவது. இதுவே அதிக ஆபத்தானது. அறுவை முடிந்து ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆனபின்பு இது தலைகாட்டுவதும் உண்டு. சர்க்கரை வேகமாக இரத்தத்தில் ஏறியதும், அதைச் சமாளிக்க உடம்பு இன்சுலினை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. அதனால் இரத்தச் சர்க்கரை இருக்க வேண்டியதைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், பேச்சு தடுமாறும், மயக்கமும் வரலாம். கல்யாண வீட்டில் ஒரு மணிக்குப் பாயசம் குடித்தவர் மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். குடித்த பாயசத்துக்கும் வந்த மயக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்கும் தோன்றாது.

இப்படி வந்தால், சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் இருக்குமானால் உடனே பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சரியானதும் ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த சர்க்கரையே மறுபடியும் ஒரு இறக்கத்தைக் கொண்டுவரும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு முறை வந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்தவர்களுக்கு அறுவைக்குப் பின் அளவு மாற்றப்படும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு பழைய அளவிலேயே எடுத்தால் விபரீதம் நேரிடும்.

டம்பிங் எல்லாருக்கும் வருவதில்லை. "எனக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆகவே நான் சாப்பிடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். படபடப்பு வராவிட்டாலும் எடை ஏறத்தான் செய்யும்.

கருப்பட்டி, தேன், 'சுகர் ஃப்ரீ'

நம் ஜனங்களிடையே உள்ள ஒரு நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கருப்பட்டியும் வெல்லமும் தேனும் நல்லவை என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். கருப்பட்டிக்கு மணமும் குணமும் உண்டுதான். ஆனாலும் கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரையே. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பேரீச்சம்பழத்திலும் பாதிக்கு மேல் சர்க்கரைதான். சிறுகுடலுக்கு இவற்றினிடையே பெரிய வித்தியாசம் தெரியாது. கருப்பட்டிக் காப்பியும் டம்பிங்கைக் கொண்டுவரும்.

கடைகளில் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதி விற்கும் இனிப்புகளில் சர்க்கரை இல்லாவிட்டாலும் நெய், கோவா, மைதா எல்லாம் இருக்கும். சிலவற்றில் இனிப்புக்காக மால்டிட்டால், சார்பிட்டால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அவை அதிகமானால் வயிறு உப்பி, பேதியாகும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல், எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று ஆலோசனை கூறியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்த ஆலோசனையில் அது சேர்க்கவில்லை. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அதே நிறுவனம் 2015-இல், சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தது. இது அறுவை செய்யாத நமக்கும் பொருந்தும். தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு கரண்டி போட்ட காப்பியை நாளுக்கு நான்கு முறை குடித்தால் 40 கிராம் ஆயிற்று. 300 மில்லி குளிர்பானம் ஒன்றில் மட்டும் பெரும்பாலும் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அறுவை செய்தவர்கள் முதலில் விட வேண்டியது இப்படிக் குடிக்கிற சர்க்கரையைத்தான். பழச்சாறும் இதில் அடங்கும். பழத்தைக் கடித்துச் சாப்பிடுவது வேறு, நான்கு ஆரஞ்சைப் பிழிந்து ஒரே மூச்சில் குடிப்பது வேறு.

வயிற்றுப் பசியும் மனப்பசியும்

உணவு ஆலோசகர்கள் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, வயிற்றுப் பசியையும் மனப்பசியையும் பிரித்தறிவதுதான். வயிற்றுப் பசி மெதுவாக வரும். இட்லி கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும், சுண்டல் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். மனப்பசி திடீரென்று வரும். "பால்கோவாதான் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்கும். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆனவருக்கும் வரும். அதன் பின்னால் களைப்போ, தூக்கமின்மையோ, வீட்டுச் சண்டையோ, தனிமையோ இருக்கும்.

இதைச் சமாளிக்க அவர்கள் சொல்லும் வழிகள் இவை:

1. ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். அறுவை செய்தவருக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20 கிராம். புரதம் குறைந்த நாளில் மாலை நேரத்து இனிப்பு ஆசை அதிகமாகும்.

2. வேளை தப்பக் கூடாது. காலை உணவை விட்டுவிட்டு ஆராதனைக்குப் போய், மத்தியானம் ஒரு மணிக்குப் பசியோடு கேக் தட்டின் முன் நின்றால் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது.

3. தாகத்தைப் பசி என்று நினைத்துவிடுவது உண்டு. முதலில் தண்ணீரை மெதுவாகப் பருக வேண்டும். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும்.

4. ஆசை வந்ததும் கால் மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து நடப்பதோ, செடிக்குத் தண்ணீர் விடுவதோ, ஒருவருக்குப் போன் செய்வதோ நல்லது. பல சமயங்களில் ஆசையின் வேகம் அதற்குள் தணிந்துவிடும்.

5. இனிப்பு டப்பாவை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. வாங்காமலே இருந்தால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்குவதும் இதில் அடங்கும்.

6. ஏழெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தவர்களுக்கு மறுநாள் இனிப்பின்மேல் நாட்டம் கூடுவது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

அப்படியானால் ஆயுசுக்கும் இனிப்பே கூடாதா? முதல் மாதங்களில் கூடாது என்பதில் டாக்டர்கள் உறுதியாக இருக்கிறார்கள். நீர் ஆகாரம், மசித்த ஆகாரம், மென்மையான ஆகாரம் என்று படிப்படியாக ஏறி, வழக்கமான ஆகாரத்துக்கு வரவே ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகும். அதன்பின்பும் புரதத்துக்கே இடம் போதாதபோது இனிப்புக்கு எங்கே இடம்? எடை நிலைப்பட்டபின், டாக்டரும் உணவு ஆலோசகரும் சம்மதித்தால், எப்போதாவது சிறிதளவு சாப்பிடலாம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெறும் வயிற்றில் சாப்பிடாமல் உணவுக்குப் பின் சாப்பிட வேண்டும். டப்பாவிலிருந்து எடுக்காமல், ஒரு சிறு துண்டை மட்டும் தட்டில் வைத்து, டப்பாவை மூடி அப்புறப்படுத்த வேண்டும். உட்கார்ந்து, மெதுவாக, மற்றவர்கள் முன்னிலையில் சாப்பிட வேண்டும். மறைவில் சாப்பிடும் இனிப்புக்குத்தான் அளவே இருப்பதில்லை.

சபையாரும் வீட்டாரும் செய்யக்கூடியவை

நம் ஜனங்கள் அன்பை ஆகாரத்தால் காட்டுகிறவர்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் முந்திரிக்கொத்தும் அதிரசமும் அச்சுமுறுக்கும் வீடு வீடாகப் போகும். தென்மாவட்டத்தார் ஊரிலிருந்து வரும்போது திருநெல்வேலி அல்வாவும் தூத்துக்குடி மக்ரூனும் கொண்டுவராமல் இருப்பதில்லை. இவையெல்லாம் நல்ல வழக்கங்கள். அவற்றை நிறுத்தச் சொல்ல நாங்கள் யார்? ஆனால், "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க அக்கா, கிறிஸ்துமஸும் அதுவுமா வேண்டாம்னு சொல்லாதீங்க" என்று கையைப் பிடித்துத் திணிப்பது வேறு காரியம். வேண்டாம் என்று ஒருவர் ஒரு முறை சொன்னால், அதோடு விட்டுவிடுவதே மரியாதை. காரணம் கேட்க வேண்டாம். பலர் தங்கள் அறுவையை வெளியில் சொல்ல விரும்புவதில்லை.

நோயாளியைப் பார்க்க வரும்போது குளுக்கோஸ் பொடியும் மால்ட் பானப் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலமும் வாங்கிவருவது நம் வழக்கம். இந்த அறுவை செய்தவருக்கு இவை மூன்றும் ஆகாது. அவருடைய கட்டிலருகில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாலே போதும்.

அசன விருந்திலும் அறுப்பின் பண்டிகையிலும் பந்தி பரிமாறுகிற தம்பிமார் இலையில் கேட்காமல் கேசரி வைப்பதைத் தவிர்க்கலாம். ஐக்கிய விருந்துகளில் இனிப்போடு சுண்டலும் அவித்த முட்டையும் வைத்தால், நீரிழிவுள்ள பெரியவர்களுக்கும் பிரயோஜனமாகும்.

திருவிருந்தைப் பற்றிச் சிலர் கவலையோடு கேட்கிறார்கள். பாத்திரத்திலிருந்து பருகும் ஒரு வாய் திராட்சரசம் டம்பிங் உண்டாக்கும் அளவு அல்ல; பயமின்றிப் பங்கு பெறலாம். ஆனால் லெந்து கால உபவாசத்தில் கவனம் தேவை. இரைப்பை அறுவை செய்தவர் நாள் முழுவதும் ஒன்றும் உண்ணாதிருந்து, மாலையில் இனிப்புப் பானகத்தோடு முடிப்பது அவருக்குக் கேடு விளைவிக்கும். போதகர்கள் இதை அறிந்து, உணவை விடுவதற்குப் பதிலாக வேறொன்றை விட்டு உபவாசிக்க அவர்களுக்கு வழி காட்டுவது நல்லது.

வெட்கம் வேண்டாம்

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். நாக்கு ஊறுவது பாவமா? நாக்கு ஊறுவது சரீரத்தின் இயல்பு. பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பு பட்டால் அதன் முகம் மலர்கிறது. தாய்ப்பாலும் இனிப்பானதே. இந்த நாட்டத்தை நம்மில் வைத்தே நாம் படைக்கப்பட்டோம். சுவிசேஷத்தில் நம் ஆண்டவரையே போஜனப்பிரியன் என்று பழித்தவர்கள் இருந்தார்கள். அவரோ பந்தியிருப்பதை நிறுத்திவிடவில்லை. பருமனாக இருப்பவரைக் கண்டதும் அவர் அடக்கமில்லாதவர் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. பரம்பரையும் ஹார்மோன்களும் மருந்துகளும் மன வேதனைகளும் உடல் எடையில் பங்கு வகிக்கின்றன என்பதை வைத்தியம் இன்று தெளிவாகச் சொல்கிறது.

இந்த வெட்கத்தால் உண்டாகும் தீமை சாதாரணமானதல்ல. எடை கொஞ்சம் ஏறியதும், "இவ்வளவு செலவு செய்தும் இப்படியா" என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, பலர் மறுபரிசோதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் டாக்டரைவிட்டு விலகும் அந்தச் சமயம்தான் டாக்டர் அவர்களுக்கு மிகவும் தேவைப்படும் சமயம். எடை ஏறுவதற்கு உணவைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உணவில் ஆறுதல் தேடிப் பழகிய மனம், அந்த வழி அடைபட்டதும் வேறு வழி தேடுவது உண்டு. பைபாஸ் செய்தவர்களின் உடம்பில் மதுபானம் வெகு சீக்கிரம் ஏறுகிறது. அறுவைக்குப் பின் இரண்டாவது ஆண்டில் மதுப் பழக்கத்துக்கு அடிமையாகிறவர்கள் அதிகரித்ததை, 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இனிப்பை விட்டவர் குடிக்குத் திரும்பினால் குடும்பம் எவ்வளவு பாடுபடும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இனிப்பை விட்டுவிட்டாரா என்று மாத்திரம் பார்க்காமல், மனம் எப்படி இருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும். மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

மறக்கக் கூடாத மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, கர்ப்பிணிகளைப் பற்றியது. அறுவைக்குப் பின் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை கர்ப்பந்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்க, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பது வழக்கம். பைபாஸ் செய்த பெண் அதைக் குடித்தால் கடுமையான டம்பிங் வரலாம். ஆகவே, தனக்கு நடந்த அறுவையைப் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டிலேயே சில நாட்கள் சர்க்கரை பார்த்துக் குறிப்பது போன்ற மாற்று வழிகள் இருக்கின்றன.

இரண்டாவது, வாந்தி. சாப்பிட்டதெல்லாம் நாட்கணக்கில் வாந்தியானால் 'தையமின்' என்ற வைட்டமின் குறைந்து, நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். அறுவை செய்தவருக்கு இது சாதாரண வாந்தி அல்ல; கைவைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாவது, இரும்புச் சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள். இவை ஆயுசு முழுவதும் வேண்டும். உடம்பு இளைத்துவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று நிறுத்திவிட்டால், சில வருஷங்களில் இரத்தசோகையும் எலும்பு பலவீனமும் வந்து சேரும். பிள்ளைகள் வாயைக் கசக்கவிடாத இனிப்பு மாத்திரைகள் வாங்கித் தந்தாலும், டாக்டர் எழுதிய சத்துகளும் அளவும் அவற்றில் இருக்கின்றனவா என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

அன்பானவர்களே, அடுத்த பண்டிகையில் உங்கள் வீட்டுப் பந்தியில் ஒருவர் பலகாரத் தட்டை மெல்லத் தள்ளிவைத்தால், அவரை வற்புறுத்த வேண்டாம். இன்னொருவர் ஒரு சிறு துண்டை எடுத்துச் சாப்பிட்டால், "நீங்கள் சாப்பிடலாமா?" என்று எல்லார் முன்பாகவும் கேட்கவும் வேண்டாம். இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, சுகம் விசாரித்துப் பேசிக்கொண்டிருங்கள். தங்கள் சரீரத்தோடு தினமும் போராடுகிற இவர்களையும், இவர்களுக்குப் பணிவிடை செய்யும் மருத்துவர்களையும் செவிலியரையும் உணவு ஆலோசகர்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.